நேசதுரையின் கடைசிக் கணிப்பு

ஐரோப்பிய மொடல், அதுதான் அவர்களுடைய வானிலைக் கணிப்பு, இன்னும் வரவில்லை. வருகிற நேரம்தான். ஒவ்வொரு நாளும் மத்தியானம் கழிந்து இந்த நேரத்துக்குத்தான் அது துண்டு துண்டாக வந்து விழும், முதல் படம், அதற்கடுத்த படம், ஒவ்வொன்றிலும் நீலம் இன்னும் கொஞ்சம் கிழக்கே நகர்ந்திருக்கும், நீலம் என்றால் ஸ்நோ, கடும் நீலம் என்றால் கனத்த ஸ்நோ, அது ஹூரன் ஏரியைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, ரொறன்ரோவுக்கு மேலே எப்போது வந்து குந்தப் போகிறது என்பதுதான் கேள்வி. போனை மடியில் வைத்து விரலால் திரையைக் கீழே இழுத்து இழுத்து விடுகிறேன். சின்ன வட்டமொன்று சுற்றுகிறது, நிற்கிறது, பழைய படமே திரும்ப வருகிறது. கட்டிலில் இவர் நித்திரை. நித்திரையா மயக்கமா என்று காலையில் ரோவீனாவிடம் கேட்டேன், இந்த வார்டின் பகல் நேர்ஸ், பிலிப்பீன்காரி, அவள் இவருடைய மணிக்கட்டை விடாமலே, இனி அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்றாள். சரி, பிரிக்கவில்லை. மூச்சு வருகிறது, போகிறது, போனது திரும்பி வர ஒரு கணம் பிந்துகிறது, அந்தக் கணத்தில் நானும் மூச்சை நிறுத்திவிடுகிறேன், பிறகு இருவருமாக விடுகிறோம். மகள் சாம்பவி வானத்தில் இருக்கிறாள். லண்டனில் பிளேன் ஏறிவிட்டாள், கதவு பூட்டப் போகிறார்கள் அம்மா என்று அனுப்பியது இன்னும் திரையின் மேல் நிற்கிறது. போன மாதம் வந்து இரண்டு கிழமை இருந்து, அப்பா தேறியிருக்கிறார் என்று நம்பி, நாங்களும் நம்பி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எத்தனை நாளைக்கு மருமகன் தனியே பார்ப்பார் என்று திரும்பிப் போனவள். நேற்று டொக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போய், மகளை வரச் சொல்லுங்கள் என்றார், அதுவே போதுமாக இருந்தது. அமெரிக்க மொடல் காலையிலேயே வந்துவிட்டது, இருட்டின பிறகுதான் ஸ்நோ என்கிறது. நேற்றைய ஐரோப்பியன் நாலு மணி என்றது. பிளேன் இறங்குவது நாலரைக்கு. நாலு மணிக்கும் இருட்டுக்கும் நடுவில் என் பிள்ளை.

இதையெல்லாம் நான் படிப்பேன் என்று யார் நினைத்தது. முதல் குளிர்காலத்தில் ஸ்நோ என்றாலே எனக்குக் கண்ணீர்தான் வந்தது, சாமான் பையோடு பஸ்ஸுக்கு நிற்கையில் முகத்தில் ஊசியாகக் குத்தும், யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனிக்கே காதைக் கட்டிக்கொண்டு போன ஆள் நான். இவருக்கோ அது வரப்போகிறது என்றால் கண் மின்னும். பகல் முழுக்க மருந்துக்கடையில் குளிசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்திவிடுவார். பக்கத்தில் பக்கத்தில் மூன்று படம், அமெரிக்கன் ஒன்று, ஐரோப்பியன் ஒன்று, நடுவில் கனேடியன். கனேடியனை ஒருவரும் பெரிதாக நம்புவதில்லை, பக்கத்துவீட்டுச் சண்டையில் கருத்துச் சொல்ல வருகிற ஆள்போல அது. இவரைப் போலவே பைத்தியங்கள் நிறையப் பேர் ஒரு குழுவாக இணையத்தில் இருந்தார்கள், ஒருவன் பாடசாலை பஸ் ஓட்டுகிறவன், ஒருத்தி பல் டொக்டர், ஒருவர் ஓய்வுபெற்ற பாதிரியார், எல்லோரும் புயல் வரும் கிழமை முழுக்க, அது ஏரிக்குத் தெற்கால் போகுமா வடக்கால் போகுமா என்று ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள். இவர் அங்கே நேசதுரை இல்லை, கல்லடி. மட்டக்களப்பில் பிறந்த இடத்தையே பெயராக வைத்துக்கொண்டார். அவர்கள் வாயில் அது கலாடி ஆனது. கலாடி என்ன சொல்லுகிறான், கலாடி இன்னும் எழுதவில்லையா, என்று கேட்பார்கள். எனக்கு எரிச்சல். இந்தக் காற்றையும் மழையையும் வீட்டுக்குள் கொண்டுவந்து என்னத்துக்கு என்று கத்தியிருக்கிறேன். பிறகு சாம்பவி கல்யாணம் கட்டிப் போனாள், வீடு மிச்சம் பெரிதாகிவிட்டது, நான் ஒரு கதிரையை இழுத்து இவருக்குப் பக்கத்தில் போட்டேன். இது என்ன கோடு என்றேன். இது சம அமுக்கக் கோடு, நெருங்கி நிண்டால் காத்து, இஞ்ச பாரும், என்றார். மட்டக்களப்பு ஆள்தான், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து ‘நீர்’, ‘உமக்கு’ எல்லாம் அவர் வாயில் ஒட்டிக்கொண்டது, அதை அவர் கொஞ்சம் பிழையான இடங்களில் சொல்லுவார், நான் திருத்தவில்லை. கார்த்திகை மாதத்தில் கை நடுங்கத் தொடங்கின பிறகு இவர் சொல்லச் சொல்ல நான்தான் குழுவில் தட்டினேன். அதற்கும் பிறகு இவர் சொல்லாமலே தட்டினேன். இவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும்தானே. இத்தனை நாளும் கலாடி என்று அவர்கள் கதைத்தது என்னோடு.

உதடு காய்ந்திருக்கிறது. குச்சியில் இருக்கிற பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து ஒற்றுகிறேன், நாக்கு அதைத் தேடி வருகிறது, குழந்தைபோல் உறிஞ்சுகிறது, சாம்பவி பிறந்த புதிதில் விரலை இப்படித்தான். கண் திறக்கவில்லை. அறையின் சூட்டுக்காற்று ஒரே சத்தமாக ஊதிக்கொண்டிருக்கிறது, கைக்குத் தடவுகிற மருந்தின் மணம் என் சேலைத் தலைப்பு வரை ஏறிவிட்டது. யன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம், அதற்கப்பால் பெருந்தெரு, வானம் முழுக்க ஒரே சாம்பல், ஓரமே இல்லாத சாம்பல், இது நல்லதற்கில்லை என்று எனக்கே தெரிகிறது. சாம்பவி சின்னவளாக இருக்கையில் இப்படியான பின்னேரங்களில் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் ஓடி வருவாள். அப்பா, நாளைக்குப் பள்ளிக்கூடம் பூட்டோ? இவர் படத்தைப் பார்ப்பார், யோசிப்பார், இல்லை மகள், மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும், பள்ளிக்கூடம் இருக்கு. அவள் முகம் விழுந்துவிடும். ஒருநாள் அழுதே விட்டாள். ஒருக்காலாவது பிள்ளைக்கு ஓமெண்டு சொல்லுங்கோவனப்பா, என்று நான் இவரை ஏசினேன். ஓமெண்டு சொன்னா ஸ்நோ வந்திடுமோ, என்றார். சந்தோசமா நித்திரை கொள்ளுவாளெல்லே, என்றேன். இவர் முகம் அப்போது போன விதம். என்னவோ அறைந்ததுபோல். குழுவிலும் அப்படித்தான், தங்கள் ஊருக்குப் பெரிய ஸ்நோ வேண்டும் என்பதற்காக எந்த மொடல் நிறையக் காட்டுகிறதோ அதையே தூக்கிப் பிடிக்கிற ஆட்கள் இருப்பார்கள், அவர்களுக்கு ஆசைக்காரர் என்று பெயர், இவர் அவர்களை விடவே மாட்டார். ஆசைப்படுறது வேறை, கணிக்கிறது வேறை. இதை எத்தனை தரம் எழுதியிருப்பார். ஏன் என்று எனக்குத் தெரிய வந்தது வெகுகாலம் கழித்து, கார் ஸ்நோவுக்குள் புதைந்து, இழுக்கிற வண்டி வரும்வரை கண்ணாடியெல்லாம் வெள்ளையாக மூடிக் கிடக்க நாங்கள் இருவரும் உள்ளே இருந்தபோது. மட்டக்களப்பில் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி. இவருக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. பின்னேரமே காற்று பிழையாக அடிக்கத் தொடங்கிவிட்டதாம். அயலில் சிலர் கல்லுக் கட்டடம் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். இவருடைய தகப்பன் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, ஒண்டுமில்லை, மழைதான், விடியப் போயிரும், என்றாராம். எல்லோரும் படுத்தார்கள். சுவர் விழுந்த பக்கத்தில் தங்கச்சி ரஞ்சிதம் படுத்திருந்தாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அப்பா பொய் சொல்லேல்லை தவமலர், என்றார், அவர் ஆசைப்பட்டவர், அவ்வளவுதான். கண்ணாடியில் ஒரு விரலால் கீறினார், வெளியே ஒன்றும் தெரியவில்லை, பிறகு வண்டி வந்துவிட்டது.

வந்துவிட்டது. ஐரோப்பியன் வந்துவிட்டது. முதல் படம், கொடரிச் பக்கம் நீலம். வெய்ன் அங்கேதான் இருக்கிறான், ஏரிக்கரையில், பாடசாலை பஸ் ஓட்டுகிற வெய்ன், இவரோடு ஆகக்கூடச் சண்டை பிடித்தவன், ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அடுத்த படம். நீலம் கிச்சினர் தாண்டிவிட்டது. அடுத்தது திறக்க மாட்டேன் என்கிறது, வட்டம் சுற்றுகிறது, என் பெருவிரல் வியர்த்துத் திரையில் வழுக்குகிறது, கந்தசுவாமியாரே. திறந்துவிட்டது. நாலு மணிக்கான படத்தில் விமான நிலையம் கடும் நீலத்துக்குள். நேற்றைவிடவும் கனமாக. நான் படத்தைப் பெருப்பிக்கிறேன், பெருப்பித்தால் நீலம் ஓரிடத்தில் கிழியும் என்பதுபோல, அது கிழியவில்லை, பெரிய நீலமாகிறது. எத்தனை வருடம் இந்தக் கடும் நீலத்துக்காக இருவரும் காத்திருந்தோம், வந்தால் தேத்தண்ணி போட்டுக்கொண்டு யன்னலடியில் கொண்டாடினோம், தெற்கால் போய்விட்டால் ஒரு கிழமைக்கு இவர் வாய் திறக்க மாட்டார். இப்போது போ, போ, வேறெங்காவது போ என்று விரல் நுனியால் அதைத் தள்ளுகிறேன். "என்னவாம்?" திடுக்கிட்டுத் திரும்புகிறேன். கண் திறந்திருக்கிறது. குரல் எங்கேயோ தொண்டைக்கு அடியிலிருந்து வருகிறது. "ஆர், என்னவாம்?" என்கிறேன். "மொடல்." முகத்தைப் பார்க்கிறேன், நேற்று முழுக்க என்னையே ஆரென்று கேட்ட முகம், இப்போது தெளிந்து கிடக்கிறது, குளத்தில் பாசியைக் கையால் ஒதுக்கினதுபோல், எவ்வளவு நேரத்துக்கு என்று தெரியாது. பொய் சொல்லலாம். இவருக்கா. "அமெரிக்கன் இருட்டினாப் பிறகு எண்டுது. ஐரோப்பியன் இப்பதான் வந்தது, நாலு மணி." "பிளேன்?" "நாலரை." கண்ணை மூடிக்கொள்கிறார். மூச்சு வருகிறது, போகிறது. திரும்பவும் போய்விட்டார் என்று நினைத்துப் போர்வையைச் சரிசெய்கிறேன். "எழுதும்," என்கிறார். "என்னத்தை?" "குழுவிலை. கல்லடி இந்த முறை அமெரிக்கன் எண்டு எழுதும்."

நான் எழுதவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கனா, இவரா. இரண்டும் முரண்பட்டால் ஐரோப்பியனை நம்பு, இது இந்த வீட்டில் வேதம். "ஏனப்பா?" என்று கேட்கிறேன், குரல் எனக்கே பிடிக்கவில்லை, அதில் அழுகை இருக்கிறது. இவர் நெற்றியைச் சுருக்குகிறார், காரணம் தேடுகிறார், காரணம் இல்லாமல் இவர் ஒருநாளும் எழுதினதில்லை. "வடக்கிலையிருந்து… வறண்ட காத்து," என்கிறார். "மேலையிருந்து விழுற ஸ்நோவை… அது குடிச்சிரும். நிலத்துக்கு வரப் பிந்தும்." ஓம், அப்படி நடப்பதுண்டு, இவரே எனக்குக் காட்டியிருக்கிறார், ராடாரில் ஸ்நோ தெரியும், வெளியே போய்க் கையை நீட்டினால் ஒன்றுமிருக்காது, காற்று உலர்ந்து கிடந்தால் விழுகிறதையெல்லாம் வழியிலேயே விழுங்கிவிடும். ஆனால் இன்றைக்கு வறண்ட காற்று இல்லை. காலையிலிருந்து விமான நிலையத்தின் ஈரப்பதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது ஏறிக்கொண்டேயிருக்கிறது, அங்கே குடிக்கிறதற்குத் தாகமே இல்லை. அது இவருக்குத் தெரியாது, கிழமைக்கணக்காக இவர் ஒரு எண்ணும் பார்க்கவில்லை. அல்லது தெரியும். யன்னலில் இந்தச் சாம்பலைப் பார்த்தாலே தெரியும் இவருக்கு. என்னப்பா செய்கிறீர்கள், ஒரு சின்னப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பூட்டு என்று சொல்ல மறுத்த மனிசன் நீங்கள், தகப்பன் மூன்று சொல்லு மாறிச் சொன்னதற்காக வாழ்நாள் முழுக்கக் கோடு பார்த்தவர். "எழுதீட்டீரோ?" "எழுதுறன், எழுதுறன்." எழுதுகிறேன். கல்லடி இந்த முறை அமெரிக்கனோடு. வடக்கிலிருந்து வறண்ட காற்று. பியர்சன் விமான நிலையத்தில் இருட்டின பிறகே தொடங்கும். எழுதி முடித்துத் திரையை இவர் கண்ணுக்கு நேரே பிடிக்கிறேன். வாசிக்கிறாரா தெரியவில்லை. தலையை ஆட்டுகிறார்.

வெய்ன் உடனே வந்துவிட்டான். கலாடி, உனக்கு என்ன நடந்தது? எந்த வறண்ட காற்று? என் வாசலில் இப்போதே கொட்டுகிறது. நீயும் ஆசைக்காரரோடு சேர்ந்துவிட்டாயா? பின்னால் நாலைந்து பேர் சிரிப்புப் படம் போடுகிறார்கள். பல் டொக்டர் ஒரு வரைபடத்தைப் போட்டு அதில் சிவப்பு வட்டம் வேறு கீறியிருக்கிறாள், ஈரப்பதம் இதோ, பார். எல்லாம் சரி. எல்லோரும் சரி. இவரை வைத்துச் சிரிக்கிறார்கள், இவர் இங்கே வாயைத் திறந்து கிடக்கிறார், கன்னமெலும்பு இரண்டும் மேலே வந்து, கழுத்து நரம்பு துடித்துக்கொண்டு. என் கை தானாகத் தட்டுகிறது. மகள் பிளேனில் வருகிறாள். அனுப்பிவிட்டேன். பிறகு இன்னும் தட்டுகிறேன், நிறுத்த முடியவில்லை. நான் கல்லடியின் மனைவி. அவர் ஆஸ்பத்திரியில். நாட்கள் இல்லை என்கிறார்கள். மகள் நாலரைக்கு இறங்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் ஒன்றுமே அசையவில்லை, ஒரு கூட்டம் முழுக்கக் கதிரையை விட்டு எழும்பி நிற்பதுபோல் இருந்தது. பிறகு வெய்ன். எவ்வளவு நாளாக நீ எழுதுகிறாய்? கார்த்திகையிலிருந்து என்று எழுதப்போய், அது இவர்களுக்கு விளங்காதே என்று அழித்து, நவம்பரிலிருந்து என்கிறேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, என்கிறான். அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், இது புகழ்ச்சியா, இனி இவர் இல்லாமலே கல்லடி நடக்கும் என்பதா, அது எவ்வளவு கொடுமை, அதுவாவது நடக்குமா. அதற்கிடையில் அவன் அடுத்ததை எழுதிவிட்டான். சரி. எல்லோரும் யன்னலுக்குப் போங்கள். எங்கே தொடங்குகிறது என்று சொல்லுங்கள்.

அவர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள். இனி மொடல் ஒருவருக்கும் தேவையில்லை, ஒவ்வொரு ஊராக ஒரு கண். வெய்ன்: என் வேலிக்கம்பு தெரியவில்லை. கிச்சினரிலிருந்து பாதிரியார்: தொடங்கிவிட்டது, சின்னத் துகள், பிரார்த்திக்கிறேன். குவெல்ஃபில் ஒருவன்: இன்னும் இல்லை, பிடித்துக்கொள். அவன் எழுதி முடிக்கவும் இன்னொருத்தி, அதே ஊர், இதோ விழுகிறது, மன்னித்துக்கொள் என்கிறாள், ஸ்நோ விழுந்ததற்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். ஒருவன், வேகம் குறைந்ததுபோல் இருக்கிறது என்கிறான், மற்றவர்கள் ஓம் ஓம் என்கிறார்கள், பல் டொக்டரும் ஓம் என்கிறாள், சிவப்பு வட்டம் கீறினவள். எல்லோரும் ஆசைக்காரராகிவிட்டார்கள். போனின் மற்றப் பக்கத்தில், பிளேன் போகிற வழி காட்டுகிற வரைபடத்தில், பிளேனின் சின்னப் படம், மஞ்சள் நிறம், கியூபெக்குக்கு மேலே ஊர்கிறது, நான் இதற்கும் அதற்கும் மாறி மாறிப் போகிறேன், ஊர்கிறதா நிற்கிறதா, என் பிள்ளை அதற்குள் ஒரு இருக்கையில் இருக்கிறாள், அவளுக்கு என்ன சாப்பாடு கொடுத்திருப்பார்கள், சாப்பிட்டிருக்க மாட்டாள், கை நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள், வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும். இவர் போனால் அவள் அழுவாள், நான் அவளைப் பிடிப்பேன், அதுவரை எனக்குத் தெரியும். அவள் திரும்பிப் போன அன்றைக்கு என்ன செய்வேன் என்பதில் போய் மனம் முட்டி நிற்கிறது, கதவைத் திறக்கிறேன், சப்பாத்தைக் கழற்றுகிறேன், அங்கே நின்றுவிடுகிறது, திரும்பவும் கதவைத் திறக்கிறேன், சப்பாத்தைக் கழற்றுகிறேன். மிசிசாகாவில் தொடங்கிவிட்டது என்று ஒருவன் எழுதுகிறான். விமான நிலையமே அந்த ஊரில்தான். நேரத்தைப் பார்க்கிறேன். நாலாகக் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் யன்னலில் முதல் ஸ்நோ, ஒன்று, பிறகு இரண்டு, விழ மனமில்லாததுபோல் மிதந்துகொண்டு. பிறகு யோசிக்க நேரமில்லை, மொத்தமாக, சரிந்து, பெருந்தெருவின் வெளிச்சங்கள் போய், கார்கள் போய், யன்னலே ஒரு வெள்ளைத் துணி. எழும்பிப் போய் யன்னல் திரைச்சீலையை இழுத்து மூடுகிறேன். ஏன் மூடுகிறேன். "தொடங்கிட்டுதோ?" நான் திரையைப் பிடித்தபடியே நிற்கிறேன். திரும்பிப் பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "இல்லையப்பா. இன்னும் இல்லை." மூச்சு வருகிறது. போகிறது. பிந்துகிறது. "தவமலர்." "ஓம்." "வெளிச்சம் மாறீட்டுது." மேலே பார்க்கிறேன். ஓம், அறையின் முகட்டில் அந்த வெளிச்சம், ஸ்நோ கொட்டுகிறபோது மட்டும் கீழிருந்து மேலே ஏறுமே, நிழல் இல்லாத ஒரு வெள்ளை, திரைக்கு மேலால் வழிந்து முகடு முழுக்கப் பரவியிருக்கிறது, இவர் மல்லாக்கக் கிடந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வந்து கட்டிலில் குந்துகிறேன். கையைப் பிடிக்கிறேன், விரல் நுனி குளிர்ந்திருக்கிறது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்கிறேன், நானும். இவர் உதடு ஒரு பக்கம் இழுபடுகிறது. சிரிப்பு. "ஐரோப்பியன்தான்," என்கிறார். "எனக்குத் தெரியும்." பிறகு கண் பாதி திறந்தபடி நின்றுவிட்டது, மூச்சில் ஒரு கரகரப்பு ஏறியது, நான் மணியை அமுக்கினேன், ரோவீனா வந்து பார்த்து, ஊசி ஒன்று கொடுத்து, என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நோகாது, என்றாள். கேட்குமா, என்றேன். காதுதான் கடைசியாகப் போகும், என்றாள்.

மஞ்சள் பிளேன் ஏரிக்கு மேலே வந்து ஒரு வட்டம் அடிக்கிறது. இன்னொரு வட்டம். இறங்கு பிள்ளை. முட்டை வடிவமாக அதே இடத்தில் கோட்டின் மேல் கோடு, கீழே இருப்பது எனக்குத் தெரியும், அவள் நிற்கிற அந்த இடத்திலிருந்து இந்தக் கட்டில் எவ்வளவு தூரம், கார் என்றால் ஒரு பாட்டுக் கேட்டு முடியமுன் வந்துவிடலாம். குழுவில் ஒருவரும் எழுதவில்லை. எல்லோரும் அதே பிளேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது, கொடரிச்சில், கிச்சினரில், சமையலறைகளில், பஸ் நிறுத்துமிடங்களில், எந்த இலக்கம் என்று நான் சொல்லவே இல்லை, தேடிப் பிடித்திருப்பார்கள். வட்டம் ஒரு பக்கம் நீள்கிறது. நீண்டு, திரும்பாமல், கிழக்கே போகிறது. வெய்ன்தான் எழுதுகிறான். ஒட்டாவாவுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே வானம் நல்லாயிருக்கிறது, பத்திரமாக இறங்குவாள். எனக்கு மிகவும் வருத்தம், என்று முடிக்கிறான். நான் போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறேன். இவருடைய நெற்றியைத் தடவுகிறேன், மயிர் எவ்வளவு மெல்லிசாகப் போய்விட்டது. வந்திடுவாள், வந்திடுவாள் என்று சொல்கிறேன், ஆருக்கு என்று தெரியவில்லை. எத்தனை தரம் சொன்னேனோ. போன் கட்டிலில் கிடந்து நடுங்கியபோதுதான் அறை மங்கிவிட்டதைக் கண்டேன். "அம்மா, எங்களை இறங்க விடேல்லை அம்மா. ஒட்டாவாவில வந்து நிக்கிறம், இன்னும் கதவு திறக்கேல்லை, இனி எப்ப எண்டும் சொல்லீனமில்லை. அப்பா? அம்மா, அப்பா?" "இருக்கிறார் பிள்ளை. கதைக்க மாட்டார். கேக்கும் எண்டு நேர்ஸ் சொன்னவ. நீ கதை. அழாமல் கதை." ஒலியைக் கூட்டித் தலையணையில், இவருடைய காதடியில் வைக்கிறேன்.

முதலில் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பின்னால் பிளேனில் ஆரோ குழந்தை அழுகிற சத்தம். பிறகு, "அப்பா, நான் சாம்பவி. அப்பா, நான் அந்தப் புயலைப் பார்த்தனான். மேலேயிருந்து பார்த்தனான். நீங்கள் ஒருநாளும் அப்பிடிப் பார்த்திருக்க மாட்டீங்கள். எனக்கு யன்னல் பக்கம்தான் கிடைச்சது. ஏரி இல்லை அப்பா, ஊர் இல்லை, ஒண்டுமில்லை, கீழ முழுக்க அதுதான், மேல நல்ல வெயில். அது ஆடாமல் நிக்கும் எண்டு நினைச்சன், இல்லையப்பா, கொதிக்குது, ஆனா ஒரு சத்தமுமில்லை. வரி வரியா, கடல் வத்தினாப் பிறகு மணல் இருக்குமே, அப்பிடி. வெயில் சரியச் சரிய ஒவ்வொரு வரியிலயும் ஒரு பக்கம் மஞ்சள், மற்றப் பக்கம் நீலம்." நான் இவருடைய நெஞ்சைப் பார்க்கிறேன். ஏறுகிறது. இறங்குகிறது. பிந்துகிறது. "பிளேன் திரும்பேக்க அதின்ர ஓரத்தைக் கண்டனான் அப்பா. உண்மையாவே ஓரம் இருக்கு. நீங்கள் படத்தில காட்டுவீங்கள், நான் அது சும்மா கீறினது எண்டு நினைச்சிருந்தன். ஒரு சுவர் மாதிரி நிக்குது. அங்காலை ஒண்டுமில்லை, தெளிஞ்ச வானம், கீழ சின்னச் சின்ன வெளிச்சம், வீடுகள்." பிந்துகிறது. நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு இருக்கிறேன், வழக்கம்போல், இருவருமாக விடுவோம் என்று. எனக்கு முட்டிக்கொண்டு வருகிறது, நெஞ்சு இடிக்கிறது, இனி முடியாது என்று வாயைத் திறந்து காற்றை இழுக்கிறேன், நான் மட்டும். திரும்பவும் பார்க்கிறேன். போர்வையின் மடிப்பு அசையவில்லை. "எனக்குப் பயமா இருக்கேல்லை அப்பா, அதுதான் புதினம். உங்களுக்குச் சொல்லவேணும், உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து வைச்சிருந்தனான். இன்னும் இருக்கு, சொல்லுறன்…" கதவு திறக்கிறது. ரோவீனா இரண்டடி உள்ளே வந்து, கட்டிலைப் பார்த்து, என்னைப் பார்க்கிறாள். நான் கையை உயர்த்துகிறேன், வேண்டாம், இப்போது வேண்டாம். அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். தலையணை சரிந்து போன் நழுவுகிறது. அதை எடுத்து இவருடைய காதுக்கு இன்னும் கிட்டே வைத்துப் பிடிக்கிறேன். சாம்பவி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.